ரத்தம் நிற்காத வீட்டுக்காரர்கள், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சாட்ஸ்வர்த் அம்மா:
மகனுக்கு ஹீமோஃபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய். தவழ ஆரம்பித்ததிலிருந்தே முழங்காலிலும் விலாவிலும் ரத்தக்கட்டு. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவன் சட்டையைத் தூக்கி, விலாவில் இருந்த நீலத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. "வீட்டில் பிள்ளையை யார் அடிக்கிறது?" என்றார். மாமியார் பக்கத்தில் நிற்கிறார். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சை அறுக்கிறது. பிறகுதான் பரிசோதனை. ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் கீழே. வீட்டுக்கு வந்ததும், "உன் அம்மா பக்கம் யாருக்கு இருந்தது?" எங்கள் பக்கம் ஒருவருக்கும் கிடையாது.

டோங்காட் மாமா:
என் தங்கை மகனுக்கும் இதேதான். தைப்பூசத்துக்கு அலகு குத்தியே தீருவேன் என்று நின்றான். கோயில் பெரியவர் கையில் எடுத்த அலகைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, "முருகனுக்குப் பால் போதும்ப்பா" என்று குடத்தைத் தூக்கி அவன் தோளில் வைத்தார். பையன் அழுதுகொண்டே நடந்தான்.
ஒன்று சொல்கிறேன் அம்மா. காய்ச்சல், வலி எதற்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி போட வந்தால் முதலில் நோயைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. முதலில் ஃபேக்டர் ஊசி, ஸ்கேன் எல்லாம் அப்புறம். பல் பிடுங்குவதற்கு முன் ரத்தநோய் டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஃபேக்டர் 8 மருந்து தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் இருக்கும் நம் பைன்டவுனிலேயே தயாராகிறது, ஹீமோசால்வேட் என்று பெயர். பெண்பிள்ளைகளுக்கு இது வராது, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

ஃபீனிக்ஸ் அக்கா:
மாமா, கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. எனக்கு வான் வில்லிபிரான்ட் நோய், இதிலும் ரத்தம் சரியாக உறையாது, பெண்களுக்கும் வரும். கடைவாய்ப் பல் எடுத்த ராத்திரி தலையணை உறை முழுக்கச் சிவப்பு, காலையில் வாயில் ஈரல் துண்டு போல உறைந்த ரத்தம். வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் பட்ட பாட்டை, "நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தான்" என்று ஆயா முடித்துவிடுவார். ஆயாவுக்கும் அதே நோய் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சாதாரண உறைவுப் பரிசோதனை எனக்கு நார்மல் என்றே வந்தது. வான் வில்லிபிரான்ட் ஃபேக்டரைத் தனியாக அளந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் வான் வில்லிபிரான்ட் 1926-இல் முதலில் எழுதியதே ஒரு சிறுமியைப் பற்றி. மாதவிடாய் ரத்தம் நிற்காமல் 13 வயதில் இறந்துபோனாள். பெண்களுக்கு வராதாம்!
சாட்ஸ்வர்த் அக்கா, ஹீமோஃபிலியாவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் மரபணு புதிதாக மாறி வருவது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் அம்மா:
மகளுக்கும் தொடையில் அடிக்கடி நீலம் வரும். நானும் மாமா மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேரியராக, அதாவது நோய் மரபணுவைச் சுமப்பவளாக இருந்தாலே ஃபேக்டர் குறைவாக இருக்கலாமாமே? சரி, அடுத்த தடவை தம்பியோடு அவளையும் கூட்டிப்போய் அளவு பார்க்கச் சொல்கிறேன்.