மகன் எடுத்துக்கொடுத்த பிஸினஸ் கிளாஸ் டிக்கெட்

மகன் டோக்கியோவில் வேலை செய்கிறான். 1982ல் மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையால் ஜப்பானுக்குப் படிக்கப் போன பிள்ளைகளில் அவனும் ஒருவன். படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டான். அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லி எனக்கும் அவன் அம்மாவுக்கும் பிஸினஸ் கிளாஸில் டிக்கெட் எடுத்து அனுப்பினான். எத்தனை வெள்ளி என்று கடைசி வரை சொல்லவில்லை. சுங்கை சிப்புட் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம், தெரியாமல் இருப்பதே நல்லது.

நாங்கள் கிளம்பிய கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலையத்தை வடிவமைத்தவரே கிஷோ குரோகாவா என்ற ஜப்பானியர்தான். 1998ல் திறந்தார்கள். வெளியே செம்பனை, விமானம் ஏறும் துணைக் கட்டடத்தின் நடுவில் ஒரு துண்டுக் காடு. "காட்டைப் பார்க்கவா காரெடுத்து இவ்வளவு தூரம் வந்தோம்" என்றாள் மனைவி.

விமானத்தில் உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு வந்தது. அப்புறம் பணிப்பெண் வந்து, எங்கள் பெயரைச் சொல்லி, இருக்கைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மனைவி பதறி எழப் பார்த்தாள், பெல்ட் விடவில்லை. எங்கள் இருவரின் அப்பா அம்மாவும் துரை பங்களா வாசலில் நின்றே பேசியவர்கள். நமக்கு முன்னால் ஒருவர் முட்டி போடுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருக்கை கட்டிலாக நீண்டது, மெத்தை விரித்தார்கள். ஆனாலும் அந்த ஏழு மணி நேரத்தில் நான் சரியாகத் தூங்கவில்லை.

டோக்கியோவின் நரித்தா விமான நிலையத்தில் பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஆள், பஸ் கிளம்பியதும் அதற்கே குனிந்து வணக்கம் வைத்தான். உள்ளே இருந்தவர்களில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்ஸியில் கதவு தானாகத் திறந்தது. கடையில் காசைக் கையில் வாங்காமல் சின்னத் தட்டை நீட்டினார்கள். மனைவி எல்லாருக்கும் பதிலுக்குக் குனிந்தே இடுப்பு வலி என்று படுத்துவிட்டாள்.

என் அப்பாவுக்கு இந்தக் குனிதல் வேறு விதமாகப் பழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் சடக்கில், அதாவது சாலையில், காவல் நிற்கும் சிப்பாய்க்குத் தலை குனியாமல் போனால் கன்னத்தில் அறை. அப்பா வாங்கியிருக்கிறார். பிறகு சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட அவரைப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். அப்பா திரும்பி வந்தார். அதைப் பற்றிக் கேட்டால் மழையையும் காலராவையும் மட்டும் சொல்வார்.

அதனால் டோக்கியோவில் நான் கேட்டுக்கொண்ட ஒரே இடம் போரில் இறந்த ஜப்பானியர்களுக்கான யாசுகுனி கோயில் வளாகத்தில் இருக்கும் யூஷுகான் போர் அருங்காட்சியகம். மகனுக்கு இஷ்டமில்லை, ஆனாலும் கூட்டிப்போனான். முன்கூடத்திலேயே ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிற்கிறது. சி56 31 என்று எண். சயாம் பாதை திறந்தபோது ஓடிய எஞ்சின் அது. 1979ல் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்தார்களாம். துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். கிளம்பும்போது அங்கே வேலை செய்யும் ஒரு பெண் அழகாகக் குனிந்தாள். நான் குனியவில்லை. மனைவி குனிந்தாள். வெளியே வந்து, "அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இந்த மரியாதையெல்லாம் நடிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பயிற்சி கொடுத்து, வேலையின் ஒரு பகுதியாகவே அதைச் செய்கிறார்கள். அன்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். மகன் இருக்கும் கட்டடத்தில் லிப்டில் எல்லாரும் தலையசைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யார் என்று அவனுக்கு இன்றும் தெரியாது. 2017ல் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று கம்பெனி மன்னிப்புக் கேட்டதாம். மகன் பெருமையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பிஸினஸ் கிளாஸ் தேவையா என்றால், முழங்கால் சரியாக இருப்பவர்களுக்குத் தேவையில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் எந்த வகுப்பில் போனாலும் ஒரு நாளுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். இறங்கிய பிறகு இன்னும் கஷ்டம். வெறும் காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும். மனைவி பாதி நாள் மகன் வீட்டு ரசத்தில்தான் ஓட்டினாள்.