மாடி அறையில் ராத்திரியிலும் அனல், எந்த பெயிண்ட் அடிக்கலாம்?

பாலக்கோட்டான்:
வணக்கம். வீடு தருமபுரி பக்கம். மாடி அறையில் இரவு பதினொரு மணிக்கும் உட்கார முடியவில்லை. ஃபேன் போட்டால் சுடுகாற்றுதான் இறங்குகிறது. அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல், தூக்கமே இல்லை. எந்த கூலிங் பெயிண்ட் நல்லது? அவசரம், யாராவது சொல்லுங்கள்.

கொத்தனார் மகன்:
பெயிண்ட் அப்புறம். மேலே கான்கிரீட் தளமா, சிமெண்ட் ஷீட்டா? ஷீட் என்றால் வைத்தியமே வேறு.

காவேரிப்பட்டணம் அக்கா:
சொந்த வீடா, வாடகையா தம்பி? மேற்குச் சுவரில் நிழல் ஏதாவது விழுமா? சன்னல் எந்தப் பக்கம்?

அரூர் வெள்ளை:
எதுவானாலும் சுண்ணாம்பு அடியுங்கள். நாங்கள் சுண்ணாம்பை ஊற வைத்து, துணியில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து இரண்டு கோட்டிங் கொடுப்போம். பெயிண்ட் செலவில் பாதிகூட ஆகாது. மழையில் கரையும், அதனால் வருடா வருடம் மாசிக் கடைசியில் மறுபடி அடிக்க வேண்டும். பூசிய அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

வெப்பமானி:
பங்குனி வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். இந்த மன்றத்தில் பழைய உரையாடல் இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அடிப்படை தெரியாமல் பெயிண்ட் பெயர் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கிச் சேர்த்து வைக்கும், பொழுது சாய்ந்த பிறகு அதைக் கீழே விடும். ஃபேன் அந்தக் காற்றைத்தான் தள்ளுகிறது. இரவு எட்டு மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள், பிறகு மேற்குச் சுவரில் வையுங்கள். எது அதிகம் சுடுகிறதோ அங்கேதான் காசு போட வேண்டும்.

பாலக்கோட்டான்:
தளம்தான். சொந்த வீடு. சீலிங்தான் சுடுகிறது, கையை வைத்திருக்கவே முடியவில்லை. சுவர் பரவாயில்லை.

ஓசூர் வாசி:
ஃபால்ஸ் சீலிங் போட்டுவிடுங்கள். நடுவில் அரை அடி இடைவெளி விட்டால் சூடு நேராக உடம்பில் அடிக்காது. ராத்திரி சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பென்னாகரத்தான்:
அண்ணா, ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் பாதி உயரம்தான். உங்கள் ஊரில் ராத்திரி வருவது குளிர்காற்று. சித்திரையில் இங்கே வந்து ஒரு ராத்திரி சன்னலைத் திறந்து வைத்துப் படுத்துப் பாருங்கள். தினமும் சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் வழி.

காவேரிப்பட்டணம் அக்கா:
குடிக்கிற தண்ணீருக்கே ஒகேனக்கல் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் மொட்டை மாடிக்கு ஊற்றச் சொல்கிறீர்களா? போர் வற்றிக் கிடக்கிறது.

பென்னாகரத்தான்:
துணி துவைத்த தண்ணீர் போதும் அக்கா. நல்ல தண்ணீரை ஊற்றச் சொல்லவில்லையே.

ஓசூர் வாசி:
ஓசூரிலும் இப்போது முன்பு மாதிரி இல்லை தம்பி. ஏரியும் மரமும் போய் எங்கே பார்த்தாலும் கட்டடம்.

வெப்பமானி:
தெலங்கானா 2023-லேயே வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டு வந்துவிட்டது. இங்கே 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். வீடு கட்டும்போதே கூரையைக் கவனித்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.

கொத்தனார் மகன்:
ஊர்ச் சண்டையை விடுங்கள். பாலக்கோட்டான், மேலே என்ன போட்டிருக்கிறது? தட்டோடு (தளத்தில் பதிக்கிற தட்டையான மண் ஓடு) பதித்திருக்கிறதா, வெறும் தளமா? கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது.

பாலக்கோட்டான்:
போன ஐப்பசியில் ஒழுகியது. தார் ஷீட் ஒட்டினோம். கறுப்பு. அதுவும் சொல்ல வேண்டுமா?

கொத்தனார் மகன்:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கறுப்புத் தார், விழுகிற வெயிலில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினாலே அதிகம். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு முக்கால் பங்கைத் திருப்பிவிடும். உங்கள் தளம் இப்போது அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் மாதிரி.

சுண்ணாம்பு வேண்டாம். தாரில் பிடிக்காது, பொறுக்கு பொறுக்காக உரியும். சாதாரண வெள்ளை பெயிண்ட் அடித்தாலும் தார் எண்ணெய் மேலே கசிந்து பழுப்பாகிவிடும். தாருக்கு ஒத்துவரும் பிரைமர் அடித்து அதன் மேல் கூல் கோட்டிங் கொடுக்கலாம். கடையில் "தார் ஷீட் மேல் அடிக்க" என்று சொல்லியே கேளுங்கள். முதலில் ஒரு மூலையில் நாலடி அடித்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை தூசியைக் கழுவாவிட்டால் வெள்ளை பலன் தராது.

நிரந்தரத் தீர்வு என்றால் ஷீட்டை உரித்துவிட்டு ஒழுகலைச் சரிசெய்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக் கட்டையால் தட்டி, மேலே தட்டோடு பதிக்க வேண்டும். அப்பா காலத்து வேலை, இன்றைக்கும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் மூன்று அங்குல ஜல்லியும் ஓடும் சேர்ந்தால் சதுர அடிக்கு 15 கிலோவுக்குக் குறையாது. தளம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

இன்றைக்கே அப்பா தூங்க வேண்டும் என்றால் நர்சரியில் கட்டுகிற பச்சை வலையை வாங்கித் தளத்துக்கு மேலே ஆள் உயரத்தில் கட்டுங்கள். தளத்தோடு ஒட்ட விரிக்கக் கூடாது, நடுவில் காற்று ஓட வேண்டும். அதுவரை அப்பாவைக் கீழ் அறையில் படுக்க வையுங்கள்.

அரூர் வெள்ளை:
தார் என்றால் சுண்ணாம்பு வேண்டாம், சரி.

வெப்பமானி:
வலையில் 75 சதவீத நிழல் தருவது கிடைக்கும், அதைக் கேளுங்கள். 50 சதவீதம் வாங்கினால் பாதி வெயில் உள்ளே வந்துவிடும்.

பாலக்கோட்டான்:
வலை கட்டியாச்சு. சீலிங்கில் இப்போது கை வைக்க முடிகிறது. அப்பா தூங்கினார். நன்றி அண்ணா. பூச்சு அடுத்த மாதம்.

காவேரிப்பட்டணம் அக்கா:
நல்லது தம்பி. மூலைக் கயிற்றை முடிச்சாகப் போடாமல் சுருக்காகப் போடு. கோடை மழைக்கு முன்னால் சுழற்றி அடிக்கிற காற்றில் வலை கம்பத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், இழுத்தவுடன் அவிழ வேண்டும். கம்பத்தை எதில் கட்டினாய்? தண்ணீர் டேங்க் குழாயில் கட்டியிருந்தால் உடனே மாற்று.