5 மாத ரீஃப் தொட்டியில் கிளாம் விடலாமா?

200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), தண்ணீர் விட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஒரு டெராசா கிளாம் (பெரிய கடல் சிப்பி வகை) விட ரொம்ப ஆசை, ஆனால் தொட்டி தாங்குமா என்று முடிவெடுக்க முடியவில்லை.

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி, கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), மெக்னீசியம் 1320 பிபிஎம். அம்மோனியா, நைட்ரைட் இல்லை. எல்இடி விளக்கு, மணல் மட்டத்தில் பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) 200 வரை வருகிறது. இதுவரை சரி. ஆனால் ஆல்கலினிட்டி (காரத்தன்மை, டிகேஎச் அதன் அலகு) தண்ணீர் மாற்றிய அன்று 8.5 டிகேஎச் இருந்தால் வாரக் கடைசியில் 7.3க்கு இறங்கிவிடுகிறது, நைட்ரேட்டோ பூஜ்யத்திலேயே நிற்கிறது. கிளாமின் சதைக்குள் வாழும் பாசிக்கு நைட்ரஜன் வேண்டுமே, எனக்கு அதுதான் பெரிய கவலை.

நைட்ரேட்டை ஏற்ற மீன்களுக்குத் தீனியைக் கூட்டிப் பார்த்தேன், கழிவை நுரையோடு வெளியேற்றும் ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டினேன், அப்புறம் பாஸ்பேட் உறிஞ்சியையும் எடுத்துவிட்டேன். மணலில் இருந்த பழுப்புப் படலம் போய்விட்டது, பின் கண்ணாடியில் கோரலைன் பாசி மிளகளவு ஊதாப் புள்ளிகளாக வரத் தொடங்கியிருக்கிறது, சோவாந்திட்களும் (பவளத்தின் உறவான சிறு பூப்போன்ற உயிர்கள்) நன்றாக விரிகின்றன. நைட்ரேட் மட்டும் அசையவில்லை.

ரொம்பச் சின்னக் குட்டி தாங்காது என்று 8 செ.மீ. கிளாம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நைட்ரேட் தெரியும் அளவுக்கு ஏறி ஆல்கலினிட்டி ஒரே நிலையில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டுமா, இல்லை இப்போதே விட்டுவிட்டு டோசிங்கில் (குறைவதை அளந்து தண்ணீரில் சேர்ப்பது) சரிசெய்துகொள்ளலாமா?