கிணறு வெட்டியவர் நாலே வருஷத்தில் ஒலிம்பிக் துடுப்புப் படகில்: எப்படி?

கேள்வி:
தத்து போகனல் நாசிக் மாவட்டத்துக்காரர். கிணறு வெட்டும் வேலை பார்த்தவர். 2012ல் ராணுவத்தில் சேர்ந்தார், 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் சிங்கிள் ஸ்கல்ஸ் (ஒரே ஆள் இரண்டு துடுப்போடு ஓட்டும் படகு) வலித்தார். ராணுவத்துக்கு வருமுன் தண்ணீரைக் கண்டாலே பயமாம். இருபதைத் தாண்டியபின் தொடங்கியவர் இவ்வளவு சீக்கிரம் அங்கே போனது எப்படி? கையில் பலம் இருந்தால் போதுமா?

பதில் 1:
கைப் பலம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு, சகோ. இருக்கை தண்டவாளத்தில் சறுக்கும். வலிப்பின், அதாவது துடுப்பை ஒருமுறை இழுப்பதன், பெரும்பகுதி விசை காலிலிருந்து வரும். முதலில் கால் உதைக்கணும், பிறகு முதுகு சாயணும், கடைசியாகத்தான் கை மடங்கணும். புதியவர்கள் கையை முதலிலேயே மடக்கிவிடுவார்கள். காலின் உதை துடுப்புக்குப் போய்ச் சேராமல் வீணாகும், முன்னங்கையும் 500 மீட்டரிலேயே மரத்துவிடும்.

ராணுவம் தேடுவது உயரமும் நுரையீரலும். ஆறடிக்கு மேல் உள்ள ஆள் ஒவ்வொரு வலிப்புக்கும் நீளமாக இழுப்பான். தத்துவுக்கு அந்த உடம்பு இருந்தது. பம்பாய் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்தவரை புனேயில் உள்ள ராணுவத் துடுப்புப் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். சம்பளம், சாப்பாடு, படகு, தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில். வெளியே ஒரு ஏழைப் பையனுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. நம் நாட்டுத் துடுப்பு வீரர்களில் ராணுவத்தார் இவ்வளவு பேர் இருப்பதற்கு இதுதான் காரணம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் துடுப்புப் படகில் இந்தியாவுக்கு முதல் தங்கம் தந்த பஜ்ரங் லால் தாக்கர் ராஜ்புதானா ரைபிள்ஸ்காரர்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் உடம்பை மட்டும் சொன்னால் பாதிதான். சிங்கிள் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ, நீளம் எட்டு மீட்டருக்கு மேல், தண்ணீரைத் தொடும் இடத்தில் அகலம் ஓரடிகூட இருக்காது. துடுப்பிலிருந்து கையை எடுத்தால் அப்படியே கவிழும். வலிக்கும்போது நடுவில் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றின்மேல் ஒன்று கடக்கும். பெரும்பாலும் இடக்கை மேலே, வலக்கை சற்று உள்ளே. உயரம் பிசகினால் விரல் முட்டி உரசித் தோல் கிழியும், படகும் ஒருபக்கம் சாயும். சாய்ந்த படகில் துடுப்பின் தட்டு தண்ணீரிலிருந்து சுத்தமாக வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். இதைத்தான் ‘நண்டு பிடிப்பது’ என்கிறோம். கைப்பிடி வயிற்றில் அறைந்து ஆளையே தூக்கிப் போட்டுவிடும். தண்ணீர் பயம் உள்ளவர் இதைத் தாண்டி வந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

2016 ஏப்ரலில் தென்கொரியாவின் சுங்ஜூவில் நடந்த ஆசிய-ஓசியானியா தகுதிப் போட்டியில் 7:07.63 எடுத்து வெள்ளி, ரியோவுக்கு இடம். ரியோவில் மொத்தத்தில் 13ஆம் இடம். முதல் சுற்றில் 7:21.67, கடைசிப் பந்தயத்தில் 6:54.96. இந்த 27 விநாடியை அவருடைய முன்னேற்றமாகக் கணக்குப் போடாதீர்கள், எதிர்க்காற்று ஒன்றே அவ்வளவு நேரத்தைத் தின்னும். துடுப்பில் இடத்தைப் பாருங்கள், கடிகாரத்தை அப்புறம் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 2018 ஆசிய விளையாட்டில் தத்து சிங்கிளில் கடைசியாக வந்துவிட்டு அடுத்த நாளே தங்கமா?

பதில் 1:
ஆமாம், இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில். காய்ச்சலோடு சிங்கிள் இறுதியில் இறங்கி நடுவில் துவண்டுவிட்டார். மறுநாள் ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் மூவரோடும் நால்வர் ஸ்கல்ஸில் (நாலு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு) 6:17.13, தங்கம். நால்வரில் ஒருவர் உடம்பு சரியில்லை என்று பலத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம், தாளத்தைக் குறைக்க முடியாது. நாலு பேரின் எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீருக்குள் போகணும். ஒருவர் பிந்தினால் படகு ‘கடக்’கென்று இடறும், ஒவ்வொரு வலிப்பிலும் வேகம் கசியும். 2000 மீட்டரில் இருநூறுக்கு மேல் வலிப்பு. காய்ச்சல் உடம்போடு அத்தனையிலும் தாளம் தவறாமல் பிடித்திருக்கிறார். அந்தப் பந்தய வீடியோவில் ஆளைப் பார்க்காமல் துடுப்புத் தட்டுகளை மட்டும் பாருங்கள்.