செமிபிரைமுக்கு ‘அரைப்பகா எண்’ சரியா வருமா?

ஐயா வணக்கம், நீங்க செமிபிரைம் (semiprime)ங்கற கணிதச் சொல்லுக்கு தமிழ்ல அரைப்பகா எண்ணுன்னு போட்டிருந்தத படிச்சதுல இருந்து மனசுக்கு ஒட்டவே இல்ல, அதான் எழுதுறேன். ஒரு எண் பகுபடும், இல்லாட்டி பகுபடாது, நடுவுல அரை எங்கேருந்து வரும்? இந்த வகை எண்ணோட குணமே சரியா ரெண்டு பகா எண்ண பெருக்கினா வர்றதுதான், 15, 21, 35 மாதிரி. ஒரே பகா எண்ண ரெண்டு தடவ பெருக்கின 49-உம் இதுல சேத்தி.

பெரிய எண் ஒண்ண வச்சு பாப்போம். 2-ஓட 67-ஆவது அடுக்குல 1 கழிச்சா 147573952589676412927, மொத்தம் 21 இலக்கம். மெர்சென்ங்கற கணித அறிஞர் 1644-ல இத பகா எண் பட்டியல்ல சேத்துட்டார், 1876-ல லூக்காஸ்ங்கற இன்னொரு கணித அறிஞர் இது பகு எண்ணுன்னு நிரூபிச்சார், ஆனா ஒரு காரணியக்கூட காட்டல (காரணியே தெரியாம பகுபடும்னு சொல்ல முடியுது பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது). 1903-ல கோல்ங்கற கணித அறிஞர்தான் 193707721 × 761838257287னு உடச்சு காட்டினார். ரெண்டுமே பகா எண், அதனால 1-ஐயும் அந்த எண்ணையும் சேத்தே இவ்ளோ பெரிய எண்ணுக்கு நாலே நாலு வகுத்திதான். அந்த ரெண்டு காரணியில எதுல 1 கழிச்சாலும் 134-ஆல மீதியில்லாம வகுபடும், 67 பகா எண்ணா இருக்கறதால அது கட்டாயம். 134-ஓட மடங்குல 1 கூட்டின எண்கள (135, 269, 403 மாதிரி) மட்டும் வரிசையா தேடினாக்கூட சின்ன காரணி 1445580-ஆவது இடத்துலதான் இருக்கு. தகவல ரகசியமா அனுப்ப உதவுற ஆர்எஸ்ஏ (RSA) குறியாக்கமே, இப்படி பெரிய எண்ண ரெண்டு பகா எண்ணா உடைக்கற சிரமத்த நம்பித்தான் நிக்குது, அதப் போய் அரைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

சரி, ‘இருபகா எண்’ணுன்னு வைக்கலாம்னு மொதல்ல நெனச்சேன், ஆனா புதுசா படிக்கிற புள்ள அத ரெண்டால பகாத எண்ணுன்னு எடுத்துக்கும், 11, 13 மாதிரி ஜோடிக்கு இருக்கற இரட்டைப் பகா எண்ணோடவும் கொழப்பிக்கும். அதனால என் பரிந்துரை ‘இருபகாப் பெருக்கெண்’. நீளம்தான், ஆனா பெருக்குன்னு ஒரு சொல் சேந்ததும் அர்த்தம் தெளிவாயிடுது, அப்பறம் 12, 30 மாதிரி மூணு பகாக் காரணி வர்றதுக்கு முப்பகாப் பெருக்கெண்ணுன்னு அப்படியே நீட்டிக்கவும் முடியும்.

ஒரே ஒரு சந்தேகம், பெருக்கெண்ணுன்னா பெருக்குற எண்ணுன்னு யாராவது எடுத்துப்பாங்களா? அப்படி தோணுச்சுன்னா ‘இருபகாப் பெருக்கம்’னு மாத்திக்கலாம், உங்களுக்கு எது சரியா படுது ஐயா?