கொரோனா நேரத்தில் வெளிநாட்டிலிருந்து உதவிய தன்னார்வலர்கள்: உங்களுக்கு மறக்காத ஒருவர்?

வடபழனி_வாசி:
2021 மே. எந்த வாரம் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு ஆக்சிஜன் அளவு 84. தங்கை ட்விட்டரில் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். ராத்திரி 2.40க்கு அமெரிக்க நம்பரிலிருந்து வாட்ஸப் கால். நியூஜெர்சியில் காலேஜ் படிக்கிற பெண். அங்கே சாயங்காலம் ஐந்து மணி. தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "அண்ணா, தாம்பரம் பக்கம் ஒரு பெட் இருக்கு. நான் இப்பதான் பேசினேன். நாற்பது நிமிஷம் வச்சிருக்கேன்னாங்க. கிளம்புங்க." பின்னால் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், "ஒன் மினிட்மா" என்கிறாள். முப்பத்தைந்தாவது நிமிஷம் போய்ச் சேர்ந்தோம். பெட் இருந்தது.

அம்மா ஆறு நாள் இருந்தார். மூன்றாம் நாள் "அம்மா எப்படி இருக்காங்க அண்ணா?" என்று கேட்டிருந்தாள். "பரவாயில்லைம்மா" என்று போட்டேன். எட்டாம் நாள் மறுபடியும் கேட்டாள். நீல டிக் விழுந்திருக்கும். நான் பதில் போடவில்லை. இன்று வரைக்கும்.

டப்ளின்காரன்:
நான் அந்தப் பக்கம் இருந்தவன். ஆபீஸ் முடிந்ததும் உட்கார்ந்தால் இந்திய நேரம் விடிகிற வரைக்கும் இதே வேலை. ஆக்சிஜன் கிடைக்கும் இடங்களைத் தொகுத்த ஷீட்டில் இருக்கிற நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, சிலிண்டர் இருக்கிறதா, ரீஃபில் உண்டா என்று கேட்டு, இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு அடிப்போம். முக்கால்வாசி சிவப்பு.

ஒரு நம்பர் ஈரோட்டில் எடுத்தது. டெய்லர். யாரோ ஒரு எண்ணை மாற்றிப் போட்டு, அவர் நம்பர் 'ஆக்சிஜன் சப்ளையர்' என்று ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை என்றார். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வைக்கப்போனேன். "இரு தம்பி. சரியான நம்பர் எதுனா இருந்தா எனக்கு அனுப்பு. நீ எடுத்தாலும் கூப்பிடறவன் கூப்பிட்டுட்டேதான் இருப்பான். இல்லைன்னு சொல்றதுக்குப் பதிலா அதையாவது சொல்றேன்." நான்கு நம்பர் அனுப்பினேன். அதில் இரண்டு மறுநாளே சிவப்பாகிவிட்டன. அவருக்குச் சொல்ல மறந்துபோனேன்.

நைட்_ட்யூட்டி:
எல்லோரும் உருகுகிறீர்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்போது ஒரு மாவட்டத் தலைநகரில் நர்ஸ். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எங்கள் வார்டுக்கு ஒரே டெலிபோன். அது எந்த லிஸ்ட்டில் ஏறியதோ, மணிக்கு முப்பது கால். "மேடம், மெல்போர்னிலிருந்து பேசறேன், வெரிஃபை பண்ணத்தான்." "சிகாகோ மேடம், பெட் ஸ்டேட்டஸ்." ஒரே பெட்டைப் பற்றி பத்து நாட்டிலிருந்து கேட்டால் பெட் பத்தாகிவிடுமா? பிபிஇ கிட் போட்டுக்கொண்டு வியர்வையில் ஊறிய கையுறையோடு அந்த ரிசீவரை எடுப்பது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? அரசாங்கம் 104 என்ற உதவி எண்ணில், பெட் ஏற்பாடு செய்ய வார் ரூம் வைத்திருந்தது. அங்கே பேசச் சொல்லியிருக்கலாம்.

ஒரு ராத்திரி நான்காவதாக வந்த போனை, "ஹலோ" என்றதுமே "இல்லை, ஃபுல்" என்று அடித்து வைத்தேன். வைக்கும்போதுதான் காதில் விழுந்தது: "சிஸ்டர், ஆறாம் நம்பர் பெட் எங்கப்பா..." அவ்வளவுதான். அவர் மறுபடி கூப்பிடவில்லை. ஆறாம் நம்பர் பெரியவர் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தார், இட்லி கேட்டார். அதையாவது சொல்லியிருப்பேன்.

டப்ளின்காரன்:
சிஸ்டர், 104 கிடைக்காதவர்கள்தான் எங்களிடம் வந்தார்கள். ஆனால் நீங்கள் சொல்வது சரி. ஒரே நம்பரை எத்தனை குழுக்கள் அடிக்கின்றன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

சோல்டரிங்:
எங்கள் தெருவுக்கு டெக்சாஸிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி இரண்டு கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின், அனுப்பினார்கள். நல்ல மனசு. பக்கத்து வீட்டுப் பையன் பெட்டியைப் பிரித்து நேராக பிளக்கில் சொருகினான். டப். ஒரு புகை. தாத்தா கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் கேளுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும், கம்ப்ரஸர் கிளம்பும்போது அதைவிட அதிகம். அதனால் 500 போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 1000 வாங்குங்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்குச் செய்த கம்ப்ரஸர் 50ல் மெதுவாக ஓடும், சூடாகும், ஆக்சிஜனும் குறையலாம். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஓடுகிறதே என்று நம்பி இருக்காதீர்கள். ஐந்து லிட்டர் மெஷினில் குமிழை ஐந்துக்கு மேலே திருகினால் காற்றுதான் கூட வரும். வெளியே இருக்கிற ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும். உள்ளே ஜியோலைட் என்ற மணி இருக்கும், நைட்ரஜனைப் பிடித்துவைப்பது அதுதான். அதற்கு ஈரம் ஆகாது. சும்மா வைத்திருந்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும், மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். இன்னொன்று, ஊதுபத்தி, விளக்கு எதுவும் அந்த அறையில் கூடாது.

இலுப்பைப்பூ:
நான் யாழ்ப்பாணம், இப்ப இத்தாலி. 2020 மார்ச் 22, கியூபாவில் இருந்து டாக்டரும் தாதியுமாய் 52 பேர் லொம்பார்டிக்கு வந்து இறங்கினவை. கிரேமா ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் கூடாரம் அடிச்சு வேலை. கனபேர் எபோலாவுக்கு ஆப்பிரிக்கா போனவை. சூட்டு நாட்டுச் சனம், நல்ல குளிர் உடுப்பு இல்லை. ஊர்ச்சனம் சேர்த்துக் கொடுத்தது. நான் என்ர கணவரின்ட பழைய ஜாக்கெட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு உயரமான மனிசன் அங்கேயே போட்டார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. கழற்றித் தருவார் எண்டு நினைச்சன். சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போயிட்டார்.

கறிவேப்பிலை:
அரசாங்கம் அனுப்பி, சம்பளம் வாங்கி வந்தவர்கள் தன்னார்வலரா? தலைப்பைப் பார்த்துப் போடுங்கள்.

இலுப்பைப்பூ:
சம்பளத்தில் பெரும்பங்கை அவையின்ட அரசாங்கமே எடுக்குது எண்டு கதை உண்டு. அதை விடுங்கோ. அந்த மார்ச்சில கிரேமாவுக்கு வரச் சொன்னால் நீங்கள் சம்பளத்துக்கு வந்திருப்பியளோ?

துவாஸ்_மச்சான்:
2020 ஏப்ரல், சிங்கப்பூர் தொழிலாளர் டார்மிட்டரி. அறையில் பன்னிரண்டு பேர், வெளியே போகக்கூடாது. கேட்டரிங் சாப்பாட்டில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. டாப் அப் கார்டு கொண்டு வந்த சீனத் தம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேறு என்ன வேண்டும் என்றான். "பிக்கிள்" என்று கத்தினோம். மறுநாள் ஒரு பெட்டி நிறைய வந்தது. ஜாடியில் வெள்ளரிக்காய், வினிகரில் மிதக்கிறது! திண்டிவனத்துக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமுகிறாரே என்று எல்லோரும் பயந்துபோய் அமைதியாகிவிட்டோம். இரண்டு நாளில் ஜாடி காலி.

வடபழனி_வாசி:
சிஸ்டர், தாம்பரத்தில் அன்றைக்கு ராத்திரி போனை எடுத்து நாற்பது நிமிஷம் வைத்திருக்கிறேன் என்றவரும் உங்களைப் போல் ஒருவர்தான்.

இல்லை, அந்தப் பெண்ணுக்கு இன்னும் எழுதவில்லை. எழுதி எழுதி அழிக்கிறேன்.

சோல்டரிங் அண்ணே, எங்கள் பரணில் ஒரு மெஷின் இருக்கிறது. தங்கை வரவழைத்தது, அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்து வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதுவும் கெட்டிருக்குமா?