ரோம்ல சாப்பிட்ட காச்சோ எ பெப்பே வீட்ல செஞ்சா மட்டும் ஏன் திரிஞ்சு போகுது?

ஊர்சுத்தி:
வணக்கம் மக்களே. லீவுக்கு இத்தாலி போயிட்டு வந்தோம். ரோம்ல டெஸ்டாச்சோ பக்கம் ஒரு சின்ன ட்ராட்டோரியால காச்சோ எ பெப்பேங்கற பாஸ்தா சாப்பிட்டேன், இன்னும் நாக்குலயே நிக்குது. அதுல சாஸுக்கு போடுறதே பெக்கோரினோங்கற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணி அவ்ளோதான். க்ரீம் போடுவீங்களான்னு சர்வர்கிட்ட கேட்டேன், மனுஷன் மூஞ்சி போன போக்க பாக்கணும். ஆனா சாஸ் அப்படி வழுவழுன்னு பாஸ்தாவ சுத்தி பிடிச்சிருந்துச்சு, தட்டுல தண்ணி பிரியவே இல்ல.

வீட்ல அதே பெக்கோரினோ ரொமானோ தேடிப்பிடிச்சு வாங்கி செஞ்சா சீஸ் ரப்பர் மாதிரி திரண்டு கரண்டில ஒட்டிக்குது, கீழ வெறும் தண்ணி நிக்குது. யூட்யூப்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க, வெண்ணெய் போடுன்னு ஒருத்தர், மிக்ஸில அடின்னு ஒருத்தர். அங்க எப்படித்தான் செய்றாங்க? அப்புறம் போலோன்யா ஊர்ல சாப்பிட்ட ராகுங்கற கறி சாஸும் வேணும், அதுல தக்காளி வாசனையே பெருசா இல்ல, ஆனா செம ருசி. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அடுப்படி எஞ்சினியர்:
ப்ரோ, சூடுதான் வில்லன். 65 டிகிரி செல்சியஸ் பக்கம் தாண்டிட்டா சீஸ்ல இருக்க புரதம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கட்டியாயிடும், அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் கரையாது. நீங்க அடுப்பு எரியும்போதே சீஸ கொட்டுறீங்கன்னு நினைக்கிறேன்.

மிளக முழுசா வெறும் வாணலில லேசா வறுத்து, வாசனை வந்ததும் கொரகொரன்னு இடிச்சுக்கோங்க, கடைல வர்ற பவுடர் வேண்டாம், அது வெறும் காரம்தான் தரும். பாஸ்தாவ எப்பவும் வைக்கிறத விட கம்மி தண்ணில வேக வைங்க, தண்ணி கலங்கலா இருக்கணும், அதுல இருக்க ஸ்டார்ச்தான், அதாவது மாவுச்சத்துதான், சீஸ பிரியாம பிடிச்சு வைக்குது. உப்பு கம்மியா போடுங்க, ஏன்னா பெக்கோரினோவே நல்ல உப்பு. சீஸ பூ மாதிரி மெலிசா துருவி, கொஞ்சம் ஆறுன பாஸ்தா தண்ணிய விட்டு கெட்டி பேஸ்ட் ஆக்கி தனியா வெச்சுக்கோங்க. முக்கால் வேக்காட்டுல பாஸ்தாவ மிளகு இருக்க வாணலிக்கு மாத்தி, அந்த தண்ணியவே கொஞ்சம் கொஞ்சமா விட்டு வேக்காட்ட முடிங்க. அப்புறம் அடுப்ப அணைச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க, இந்த ஒரு நிமிஷத்துலதான் எல்லாம் இருக்கு. பேஸ்ட்ட போட்டு விடாம கிளறுங்க, கெட்டியானா இன்னும் ஒரு கரண்டி தண்ணி.

துருவுன சீஸ்னு பாக்கெட்ல வர்றத வாங்கவே வாங்காதீங்க. கட்டி பிடிக்காம இருக்க ஏதாவது கலந்திருப்பாங்க, ஒழுங்கா உருகாது.

லேப் கோட்டு:
இதுக்கு ஆராய்ச்சியே நடந்துருக்கு தெரியுமா, விளையாட்டுக்கு சொல்லல. இத்தாலிய இயற்பியல் ஆளுங்க சிலர் சேர்ந்து காச்சோ எ பெப்பே ஏன் திரியுதுன்னு சோதனை பண்ணி பேப்பர் எழுதுனாங்க, 2025 இக் நோபல்ல (சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்கு தர்ற வேடிக்கை பரிசு) இயற்பியல் பரிசு அதுக்குத்தான். சீஸ் எடைல 2ல இருந்து 3 சதவீதம் ஸ்டார்ச் இருந்தா சாஸ் திரியாதாம். 1 சதவீதத்துக்கு கீழ போனா கட்டி, 4 தாண்டுனா ஆறும்போது இறுகிப்போகும்.

பாஸ்தா தண்ணில எவ்ளோ ஸ்டார்ச் இருக்குன்னு நமக்கு எப்படி தெரியும்? அதனால தனியாவே போட்டுடலாம். 240 கிராம் பாஸ்தாவுக்கு 160 கிராம் பெக்கோரினோ, 4 கிராம் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) இல்லன்னா உருளைக்கிழங்கு ஸ்டார்ச். மாவ 40 மில்லி தண்ணில கரைச்சு கூழ் பதத்துக்கு காய்ச்சி, ஆற விட்டு, சீஸோட மிக்ஸில ஒரு ஓட்டு. இப்படி செஞ்சா அடுப்பு சூடு கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் தாங்குது, விருந்தாளி வந்த அன்னிக்கு நான் இதத்தான் செய்வேன்.

மாவுக்கை:
லேப் கோட்டு சொல்றது வேலை செய்யும், இல்லன்னு சொல்லல. ஆனா ரோமன் பாட்டிங்க யாரும் தராசு வெச்சு சோள மாவு நிறுக்கல :) முதல்ல நல்ல பாஸ்தா வாங்குங்க. பாக்கெட்ல "ட்ராஃபிலாத்தா அல் ப்ரோன்ஸோ"ன்னு போட்டுருக்கான்னு பாருங்க, வெண்கல அச்சுல பிழிஞ்சதுன்னு அர்த்தம். தொட்டா சொரசொரன்னு, வெளிறி, மாவு பூசின மாதிரி இருக்கும். டெஃப்லான் அச்சுல வந்தது மஞ்சளா பளபளன்னு இருக்கும், சாஸ் வழுக்கிட்டு போயிடும், தண்ணிக்கும் ஸ்டார்ச் கம்மியாதான் விடும். நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்க க்ரான்யானோ ஊர் பாஸ்தா கெடைச்சா கண்ண மூடிட்டு வாங்கலாம்.

இப்ப ராகு. போலோன்யால அது தக்காளி சாஸ் இல்ல, கறிதான். வெங்காயம், கேரட், செலரி மூணும் பொடியா நறுக்கி பான்செட்டா (உப்பு போட்டு பதப்படுத்துன பன்றி வயித்துக்கறி) கொழுப்புல வதக்கி, கொத்துன மாட்டுக்கறி போட்டு நல்லா நிறம் மாறுற வரைக்கும் விடணும், அவசரப்பட்டு கிளறிட்டே இருந்தா தண்ணி விட்டு வெந்துடும், வறுபடாது. ஒயின் ஊத்தி அது வத்துனதும் கொஞ்சூண்டு தக்காளி, அப்புறம் பால். சின்ன தீயில ரெண்டு மூணு மணி நேரம். அந்த பால்தான் புளிப்ப அடக்கி கறிய மெத்துன்னு ஆக்குது, நீங்க சொன்ன ருசி அதுதான்.

ஸ்பகெட்டில ஊத்தாதீங்க ப்ளீஸ், அங்க தாலியத்தெல்லேங்கற பட்டையான நாடா பாஸ்தா கூடத்தான் தருவாங்க. அந்த ஊர் வர்த்தக சபைல 1972ல தாலியத்தெல்லேக்கு அளவே பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம். ராகு செய்முறையையும் 1982ல பதிஞ்சுட்டாங்க. வீட்ல மாவு பிசையறது ரொம்ப சுலபம்: 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, தண்ணி வேண்டாம். முதல்ல உதிரியா வரும், பயந்துடாதீங்க, பத்து நிமிஷம் அழுத்தி பிசைஞ்சா வழிக்கு வந்துடும். மூடி அரை மணி நேரம் வெச்சுட்டு தேய்ங்க.

சைவப்பட்சி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். நான் முட்டை கூட சாப்பிட மாட்டேன், அடுத்த மாசம் ரோம் போறேன். காச்சோ எ பெப்பே சைவம்தானே, கறி எதுவும் இல்லையே?

மாவுக்கை:
சைவம் இல்லைங்க. பெக்கோரினோ ரொமானோவ உறைய வைக்கிறது ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட்ங்கற நொதில, பார்மிஜானோ ரெஜ்ஜானோங்கற இன்னொரு இத்தாலிய சீஸுக்கு கன்னுக்குட்டியோடது. ரெண்டுக்கும் விதியே அதுதான், அதனால சைவ பெக்கோரினோ ரொமானோன்னு ஒண்ணு கிடையாது. மெனுல சைவ குறி போட்டு இந்த சீஸ் ஐட்டத்த தர்ற கடை நிறைய, பாத்துக்கோங்க.

ரோம்ல அல்யோ எ ஓல்யோ (பூண்டு, எண்ணெய் பாஸ்தா), இல்லன்னா பெனே அர்ராபியாத்தா (காரமான தக்காளி பாஸ்தா) கேளுங்க, "சென்ஸா ஃபோர்மாஜ்ஜோ"ன்னு, அதாவது சீஸ் வேண்டாம்னு, சொன்னா மேல சீஸ் துருவ மாட்டாங்க. காய்ஞ்ச பாஸ்தா பெரும்பாலும் ரவையும் தண்ணியும்தான், ஆனா "ஃப்ரெஸ்கா" (புதுசா செஞ்சது), "அல்லுவோவோ" (முட்டை போட்டது)ன்னு இருந்தா பெரும்பாலும் முட்டை உண்டு, கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

ஊர்சுத்தி:
ஆஹா, இவ்ளோ விஷயம் இருக்கா! எஞ்சினியர் ப்ரோ, அடுப்ப அணைக்காம போட்டதுதான் விஷயம்னு இப்ப புரியுது. ஒரு சந்தேகம், பெக்கோரினோ உப்பு ஜாஸ்தின்னு வீட்ல சொல்றாங்க, பாதி பார்மிஜானோ கலக்கலாமா?

அடுப்படி எஞ்சினியர்:
தாராளமா. ரோம்காரன் முறைப்பான், நீங்க கண்டுக்காதீங்க. பாதிக்கு மேல போனா மட்டும் அந்த ஆட்டுப்பால் காரம் போயிடும், பாத்துக்கோங்க.